நோட்டட் சார்

வருகைப் பதிவு மெஷினில் காலை ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு விரல் வைத்தால் எங்கள் கல்லூரியில் அரை நாள் விடுப்பு போச்சு. கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வருகிறதென்று இரவு எட்டு வரை கோப்பு அடுக்கினால் மட்டும் அந்த மெஷினுக்குக் கண் தெரியாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதி. எனக்கு 22. கோடையில் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடு வீடாகப் போய் அட்மிஷனும் பிடிக்க வேண்டும். (பிஎச்.டி. முடித்தது இதற்குத்தான் போல.)

சரி, செய்துவிடலாம். துறைத்தலைவர் ஒருநாளாவது வகுப்புப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால். அவர் வருவது வாட்ஸ்அப்பில்தான், இரவு 11 மணிக்கு, 'அர்ஜென்ட்' என்ற எக்செல்லோடு. உடனே 'நோட்டட் சார்' போட வேண்டும். நேற்று தூங்கிவிட்டேன், காலையில் மெமோ. அப்புறம் மதியம் பணித் திருப்திப் படிவம் வந்தது, பெயரும் கையெழுத்தும் கேட்டு. எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.