ஸ்டெட்டினில் ஆயர் ஓட்டோ வாங்கித் தந்த சலுகை

ஜெர்மனியின் பாம்பெர்க் நகர ஆயர் ஓட்டோவை ‘வாளெடுக்காமல் ஸ்லாவியரை மனம் திருப்பியவர்’ என்று புகழ்கிறவர்கள், போலந்துக் கோமகன் மூன்றாம் போலெஸ்வாஃபைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை? பால்டிக் கரையில், கிறிஸ்தவரல்லாத ஸ்லாவியர் வாழ்ந்த பொமரேனியாவைப் படையெடுத்து அடக்கிக் கப்பம் விதித்தவர் அவர். அவர் அழைத்துத்தான் 1124-இல் ஓட்டோ அங்கே மதம் பரப்பப் போனார். ஆக, வாள் முன்னாலேயே வந்து போயிருந்தது.

இத்தனையும் தெரிந்தே சொல்கிறேன், நான் ஓட்டோவின் பக்கம்தான்.

அவருக்கு முன் பெர்னார்ட் என்ற ஸ்பானியத் துறவி, அவரும் ஆயர்தான், பொமரேனியாவின் வோலின் நகருக்குப் போனார். வெறுங்கால், எளிய உடை. இவ்வளவு பெரிய கடவுள் ஒரு பிச்சைக்காரனையா தூது அனுப்புவார் என்று ஊரார் கேட்டார்கள். அவர்கள் போற்றிய தூணை அவர் கோடரியால் வெட்டப் போனதும், அடித்துப் படகில் ஏற்றி, மீனுக்கும் பறவைக்கும் போய்ப் போதனை செய் என்று விரட்டிவிட்டார்கள். இதையெல்லாம் பெர்னார்டே பாம்பெர்க் வந்து ஓட்டோவிடம் சொன்னார். அதனால் ஓட்டோ நல்ல உடை, பரிசுப் பொருள்கள், வழிச்சாப்பாடு எல்லாவற்றோடும் கிளம்பினார். ஊராரிடம் எதையும் கேட்டு வாங்கும் நிலையில் தான் இருக்கக்கூடாது என்பதுதான் கணக்கு. பிரிட்ஸ் என்ற பொமரேனிய ஊரில் திருமுழுக்குக் கொடுத்தபோது ஆண்களுக்கும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனி இடம், தொட்டிகளைச் சுற்றித் திரை. அந்த மக்களின் கூச்சத்தை மதித்திருக்கிறார் மனுஷன்.

ஸ்டெட்டின் நகரம் (இன்றைய போலந்தின் ஷ்செச்சின்) மட்டும் மசியவில்லை. அவர்கள் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கிறிஸ்தவர்களிடையே திருடர்கள் இருக்கிறார்கள், கையைக் காலை வெட்டுகிறார்கள், கண்ணைப் பிடுங்குகிறார்கள், அப்படிப்பட்ட மதம் எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். இதை எழுதி வைத்தவர்கள் ஓட்டோவின் வரலாற்றை எழுதிய கிறிஸ்தவத் துறவிகளே.

வாரக்கணக்கில் காத்திருந்த பிறகு விஷயம் கப்பத்துக்கு வந்தது. சுமையைக் குறைத்தால் யோசிக்கிறோம் என்றது நகரம். ஓட்டோ போலெஸ்வாஃபிடம் ஆள் அனுப்பினார். வந்த கடிதத்தில் கோபமும் இருந்தது, சலுகையும் இருந்தது. நாடு முழுவதற்கும் கப்பமாக ஆண்டுக்கு 300 மார்க் (அன்றைய எடை அளவு) வெள்ளி போதும். போர் வந்தால் ஒன்பது குடும்பத் தலைவர்கள் சேர்ந்து பத்தாவது ஆளுக்கு ஆயுதமும் செலவும் கொடுத்து அனுப்பினால் போதும். அதற்குப் பிறகுதான் ஸ்டெட்டின் இணங்கியது. இதைச் சிலர் லஞ்சம் என்கிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. தோற்றுப்போன ஒரு ஊருக்காக, ஜெயித்தவனிடம் போய்ப் பேச அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்புறம் கோயில்களை இடித்தார்கள். மூன்று தலை கொண்ட டிரிக்லாவ் சிலையின் தலைகள் ரோமுக்குப் போயின. அந்த இழப்பை நான் சின்னதாக்கவில்லை. ஆனால் கோயிலில் குவிந்திருந்த செல்வத்தை ஓட்டோ தொடவில்லை, ஊராரையே பிரித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பெரிய ஓக் மரத்தை, வணங்க மாட்டோம், நிழலுக்கு மட்டும் இருக்கட்டும் என்று அவர்கள் கேட்டபோது விட்டுவிட்டார். பெண் குழந்தைகளைக் கொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த வழக்கம் அங்கே இருந்தது. ஓட்டோவைப் பற்றி வேறு எதுவுமே தெரியாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்றுக்காக அவரை மதித்திருப்பேன்.

அவர் ஊர் திரும்பியதும் கொள்ளைநோய் வர, நகரத்தில் ஒரு பகுதியினர் பழைய தெய்வங்களிடம் போய்விட்டார்கள். 1128-இல் அவர் படையோடு வரவில்லை. மறுபடி பேசத்தான் வந்தார். போலெஸ்வாஃப் இன்னொரு போருக்குக் கிளம்பியபோது தடுத்ததும் அவர்தான்.

இவரையும் ஸ்லாவியர் மீது 1147-இல் நடந்த சிலுவைப் போரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் போருக்கு முன், கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்ட் (இவர் வேறு பெர்னார்ட்), ஸ்லாவியரின் வழிபாடோ அந்த இனமோ அழியும்வரை சமாதானம் கூடாது என்று எழுதினார். ஆயர்களும் சேர்ந்தே படையோடு போனார்கள். போய் முற்றுகையிட்டது எந்த நகரத்தை? ஏற்கெனவே கிறிஸ்தவமாகியிருந்த ஸ்டெட்டினை! ஊரார் மதில்மேல் சிலுவைகளை உயர்த்திக் காட்டினார்கள். பொமரேனியக் கோமகன் ரட்டிபோரும் அந்த நாட்டின் முதல் ஆயர் அடால்பெர்ட்டும் வெளியே வந்து பேசித் திருப்பி அனுப்பினார்கள். அந்த அடால்பெர்ட், முன்பு ஓட்டோவோடு போய் மொழிபெயர்த்தவர். பிராகாவின் வின்சென்ட் என்ற குருவானவரே தன் நாளாகமத்தில், விசுவாசத்துக்காக வந்திருந்தால் போதித்திருக்க வேண்டும், இவர்கள் நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் என்று எழுதிவைத்துவிட்டார்.