சாம் தூக்கி எறிந்த சட்டி

தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவே கிழிந்த வலையோடு உட்கார்ந்திருக்க, கல்லூரி விடுமுறையில் இருக்கும் அக்கா மகன் மட்டும் என் அலமாரியிலிருந்து ஒரு தலையணைப் புத்தகத்தை எடுத்துப் போனான். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மாயக்கதை ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. தீய மோதிரம் ஒன்றை அழிக்கக் கிளம்பும் ஃப்ரோடோவும், கூடவே போகும் அவன் தோட்டக்காரன் சாமும் அதில் வருகிறார்கள். போன வாரம் வந்து கேட்டான்: “மாமா, இந்த ஃப்ரோடோவும் சாமும் ஃப்ரண்ட்ஸா, லவ்வர்ஸா? நெட்ல ஒரே சண்டையா இருக்கு.”

எனக்கு எரிச்சல் வந்தது. அவன் மேல் இல்லை. ‘காதல்’ என்ற சொல்லை நாம் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறோமே, அதன் மேல்.

குகன் தேனும் மீனும் கொண்டுவந்து ராமன் முன்னால் வைக்கிறான். கூட இருக்கிற முனிவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ராமன் சொல்வதாகக் கம்பன் எழுதுகிறான்: “உள்ளத்து அன்பினால் அமைந்த காதல் தெரிதரக் கொணர்ந்த என்றால் அமிழ்தினும் சீர்த்த அன்றே.” மீனைக் கொண்டுவந்த அன்புக்குப் பெயர் காதல்! மீன்வாசத்தோடு வளர்ந்த எனக்கு இந்த வரி எப்போதும் கொஞ்சம் தொண்டையை அடைக்கும். பிறகு விபீடணனிடமும் “அகனமர் காதல் ஐய” என்கிறான். அவன் அடைக்கலம் புகுந்த இடம் என்று சொல்லும் கோதண்டராமர் கோயில் இதோ, தனுஷ்கோடி போகிற வழியில்தான். 1964 புயலுக்கும் தப்பி நின்ற கோயில்.

சாமும் ஒளிக்கவில்லை. ஃப்ரோடோ தூங்கும்போது முகத்தைப் பார்த்து, இவனை நான் நேசிக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய இடம் சட்டிதான். சமையல் சாமான்களை ஊரிலிருந்து அத்தனை தூரம் சுமந்து வந்தவன், எதிரியின் நாடான மோர்டோரில் பாரத்தைக் குறைக்க அதையெல்லாம் ஒரு பிளவுக்குள் வீசுகிறான். அது உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவுமணி போலக் கேட்கிறது. இனி சமைத்துப் போட ஒரு வேளை வராது என்று தெரிந்து வீசுகிறான். அப்புறம்தான், மோதிரத்தை அழிக்க வேண்டிய மலையில் ஃப்ரோடோவை முதுகில் ஏற்றிக்கொள்கிறான். மோதிரத்தை உனக்காகச் சுமக்க முடியாது, உன்னைச் சுமக்க முடியும் என்கிறான். இன்றைய மாயக்கதைகளில் நண்பனுக்காகக் கடைசி அத்தியாயத்தில் வாள்முன் பாய்ந்து சாகும் நாயகர்கள் நிறைய. சாவது ஒரு நிமிட வேலை. சட்டி சுமப்பது மாதக்கணக்கு.



ஒரு குறையும் உண்டு. முதல் உலகப் போரில் தான் கண்ட சாதாரணச் சிப்பாய்களை வைத்துத்தான் டோல்கீன் சாமை வார்த்தார். அதனாலோ என்னவோ, கடைசிவரை அவன் வாயில் ‘மிஸ்டர் ஃப்ரோடோ’தான். “குகனொடும் ஐவர் ஆனேம்” என்று படகோட்டியையும் ஐந்தாவது சகோதரனாக்கிய கம்பன் அங்கே ஒரு படி மேல்.

அவர்களைக் காதலர்களாகவே வாசிக்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. இரண்டு இளைஞர்களைக் காதலர்கள் என்று ஒளிக்காமல் எழுதும் புதிய கதைகள் வரட்டும், வாங்கிப் படிப்பேன். இரண்டு ஆண்கள் கையைப் பிடித்தால் கெக்கலிக்கிற கூட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் அன்றே கொட்டிவிட்டேன். நேற்று ராத்திரி வந்தான்.

“மாமா, சட்டியை வீசுற இடம் வந்துருச்சு.”

“அப்புறம்?”

“மூடி வச்சுட்டேன். நாளைக்குப் படிக்கிறேன்.”