விற்பவரெல்லாம் நெய்தவர் அல்லர்
கைவினைக் கண்காட்சிக்குச் சென்றால் கைவினைஞரையே நேரில் சந்தித்து வாங்கலாம் என்று அண்மையில் படித்த கட்டுரை ஒன்று கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில் கோரைப் புல்லில் நெய்யப்படும் பத்தமடைப் பாயை விற்றவரிடம், அந்தக் கோரையை எத்தனை நாள் ஊறவைப்பீர்கள் என்று கேட்டேன். மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரியான அவருக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வரிசையிலோ ஒரு மூதாட்டி, நகம் தேய்ந்த விரல்களால் கோரைத் தண்டை வகிர்ந்து காட்டி, ஓடும் நீரில் நன்றாக ஊறினால்தான் இழை இவ்வளவு மெல்லிசாகப் பிரியும் என்று பொறுமையாக விளக்கினார். பட்டு நூலை நீளவாட்டு இழையாக, அதாவது பாவாக வைத்து அவர் நெய்திருந்த பாய் துணியைப் போலவே மடிந்தது. அவரது கைப்பேசி எண்ணை வாங்கி வந்ததால், தங்கையின் திருமணத்திற்கு மணமக்கள் பெயர் நெய்த பாயை அவரிடமே நேரடியாகச் சொல்லிச் செய்து வாங்க முடிந்தது. இத்தகையவர்களை அடையாளம் காணும் பொறுப்பை வாங்குபவரிடம் மட்டுமே விட்டுவிடாமல், அரசு வழங்கும் கைவினைஞர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கே முன்வரிசைக் கடைகளை ஏற்பாட்டாளர்கள் ஒதுக்க வேண்டும்.