வால் கூண்டில் இருந்தவனின் முதல் வேலை சுடுவது அல்ல

ஏப்ரல் 25, போரில் மாண்டவர்களை ஆஸ்திரேலியர்கள் நினைவுகூரும் அன்ஸாக் நாள் வந்தால், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் படம் சுற்றத் தொடங்கிவிடும். வால் கூண்டிலிருந்து பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு துப்பாக்கிகளைக் காட்டி, "இவன் எத்தனை ஜெர்மன் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியிருப்பான்!" என்று எழுதியிருப்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு. 30 பயணங்கள் கொண்ட முழுச் சுற்றையும் முடித்துவிட்டு, எதிரியை நோக்கி ஒரு தோட்டாகூடச் சுடாமல் திரும்பிய கன்னர்கள், அதாவது துப்பாக்கி வீரர்கள், இருக்கிறார்கள். வேலையை மிகச் சரியாகச் செய்தவர்களில் அவர்களும் சேர்த்தி. ஏழு பேர் பயணம் செய்யும் விமானத்துக்கு முதுகுப்பக்கக் கண் அவன். பார்ப்பதும் குரல் கொடுப்பதும்தான் முதல் வேலை. சுடுவது அதற்கு அப்புறம்.

பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த ஆஸ்திரேலிய விமானப் படையினர் ஏறக்குறைய 10,000 பேர். தாக்குதல் பயணங்களில் இறந்தவர்கள் 3,486 பேர். அந்தப் போரில் படையில் சேர்ந்த ஆஸ்திரேலியர்களில் இவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். களத்தில் மாண்டவர்களிலோ நூற்றுக்கு இருபது பேர் வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இருபது, இருபத்தொரு வயது.

1939 டிசம்பரில் ஒட்டாவாவில் கையெழுத்தான பேரரசு விமானப் பயிற்சித் திட்டத்தில்தான் பெரும்பாலோர் வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலேயே எவன்ஸ் ஹெட், போர்ட் பிரி, வெஸ்ட் சேல் ஆகிய இடங்களில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. ஃபேரி பேட்டில் விமானத்தின் பின்னிருக்கையில் நின்றுகொண்டு, இன்னொரு விமானம் இழுத்துச் செல்லும் துணிக் குழாயைச் சுட வேண்டும். யார் சுட்டது எத்தனை பட்டது என்று எண்ணுவதற்காக ஒவ்வொருவன் தோட்டா முனையிலும் ஒரு நிறச் சாயம் தடவியிருப்பார்கள். துணியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்து மதிப்பெண். கண்ணைக் கட்டிக்கொண்டு பிரௌனிங் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டவும் பழக வேண்டும். பிறகு கப்பல், இங்கிலாந்து, அங்கே மறுபடியும் பயிற்சி. ஒரு பெரிய கொட்டகையில் எல்லோரையும் விட்டு, "நீங்களே குழு சேர்ந்துகொள்ளுங்கள்" என்பார்கள். உயிரைப் பங்கிட்டுக்கொள்ளப் போகிறவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்தது அந்த அரை நாளில்தான்.

இனி அந்தச் சுழலும் துப்பாக்கிக் கூண்டு. அதன் பெயர் எஃப்.என். 20. ஆள் உட்கார்ந்தால் முழங்கால் மடக்கியபடிதான், கால் நீட்ட இடம் கிடையாது. .303 அங்குலக் குழல் கொண்ட பிரௌனிங் துப்பாக்கி நாலு. ஒவ்வொன்றுக்கும் 2,500 தோட்டா, மொத்தம் 10,000. இவ்வளவையும் கூண்டுக்குள் வைக்க முடியாது. பெட்டிகள் விமானத்தின் நடு உடலில் இருக்கும், அங்கிருந்து நீண்ட தடங்கள் வழியாகத் தோட்டாப் பட்டை வால் வரை ஓடி வரும். பட்டையில் ஒரே ஒரு தோட்டா மயிரிழை அளவு முன்பின் தள்ளியிருந்தாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ஒரு துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,150 தோட்டா உமிழும். விரலை எடுக்காமல் அழுத்தினால் இரண்டேகால் நிமிடத்துக்குள் பெட்டி காலி. அதனால் ஓரிரு நொடிச் சுடுதல்தான்.

கூண்டைத் திருப்புவது ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தம். அந்த பம்பை ஓட்டுவது இடப்புற வெளி எஞ்சின். அந்த எஞ்சின் நின்றால் கூண்டும் நிற்கும். அப்புறம் கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் திருப்ப வேண்டும். இதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறது.

20,000 அடியில் இரவில் குளிர் உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை போகும். இதில் பலர் தங்கள் கூண்டின் முன்பக்கப் பெர்ஸ்பெக்ஸ் கண்ணாடியை வேண்டுமென்றே வெட்டி எடுத்துவிட்டார்கள். கிறுக்குத்தனம் இல்லை. கண்ணாடியில் பனி படியும், எண்ணெய்த் துளி தெறித்திருக்கும். இரவில் ஒரு துளி அழுக்கும் தூரத்து விமானமும் ஒரே மாதிரி தெரியும். பொய் எச்சரிக்கை கொடுத்தால் ஏழு பேரும் அலைக்கழிவார்கள், உண்மையை அழுக்கு என்று விட்டுவிட்டால் ஏழு பேரும் சாவார்கள். அதனால் நேர்க்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மின்சாரத்தில் சூடேறும் உள்ளுடை, பட்டுக் கையுறை, அதன் மேல் சூடேறும் கையுறை, அதன் மேல் தோல் கையுறை. சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்ய மேலுறைகளைக் கழற்றினால் பட்டுறை மட்டும் மிச்சம். வெறும் விரல் இரும்பில் பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். மூச்சின் ஈரம் ஆக்ஸிஜன் குழாயில் பனிக்கட்டியாக உறையும். அவ்வப்போது குழாயைக் கையால் நசுக்கி அதை உடைத்துவிட வேண்டும். மறந்தால் ஆக்ஸிஜன் குறையும். வலி எதுவும் தெரியாது. மந்தமாகி, இன்டர்காமில் பைலட் கூப்பிட்டாலும் பதில் வராது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்கிறோமே, இவர்களுக்கு அதற்கென்று ஒரு முறையே இருந்தது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும். எரியும் நகரத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தால் அவ்வளவும் போச்சு. இருட்டில் ஒரு பொருளை நேராகப் பார்த்தால் மறையும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். ஆகவே கண் ஓரிடத்தில் நிற்காமல் வானத்தைப் பகுதி பகுதியாகத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம்.

பார்த்துவிட்டால்? "கார்க்ஸ்க்ரூ போர்ட், கோ!" கார்க்ஸ்க்ரூ என்றால் திருகாணிபோலச் சுழன்று பாய்வது, போர்ட் என்றால் இடப்பக்கம். எதிரி வரும் பக்கத்தைச் சொல்லி ஒரே கத்தல். பைலட் காரணம் கேட்க மாட்டார். அந்தப் பக்கமே 45 பாகை சாய்த்து, ஆறு நொடியில் ஆயிரம் அடி கீழே பாய்வார், மேலே இழுப்பார், மறுபக்கம் திருப்புவார், மீண்டும் பாய்வார். துரத்துகிற விமானத்துக்குக் குறி நிற்காது. இதையெல்லாம் தொடங்கிவைப்பது வால் கூண்டுப் பையனின் ஒரு குரல். மாறாக, எதிரி இன்னும் பார்க்கவில்லை என்றால் சுடாமல் இருப்பதே புத்தி. துப்பாக்கி வாயின் பொறி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜெர்மன் இரவு விமானங்களில் இருந்தது 20 மில்லிமீட்டர் பீரங்கி. அதன் எட்டத்துக்கும் அடிக்கும் முன்னால் .303 ஒன்றும் இல்லை.

என் மனக்குறை இங்கேதான். 1943 ஆகஸ்டிலிருந்து ஜெர்மானியர்கள் முதுகில் மேல்நோக்கிச் சாய்த்த பீரங்கி பொருத்திய விமானங்களோடு வந்தார்கள். லாங்காஸ்டருக்கு நேர் கீழே வந்து, எஞ்சின்களுக்கு நடுவே எரிபொருள் தொட்டியைப் பார்த்துச் சுட்டார்கள். வால் துப்பாக்கி நேர் கீழே தாழாது, அங்கே பார்க்கவும் வழியில்லை. பெரும்பாலான லாங்காஸ்டர்களில் அடிவயிற்றுக் கூண்டே கிடையாது. சுற்றிலும் விமானங்கள் வெடித்துச் சிதறுவதைப் பார்த்தவர்களிடம், "அது விமானம் இல்லை, உங்களைப் பயமுறுத்த ஜெர்மானியர் சுடும் வெற்று வேட்டு" என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்படி ஒரு வேட்டு இருந்ததே இல்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் சக குழுக்கள் எரிந்ததைத்தான். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை.

பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் அப்போது வேலை பார்த்த இளைஞர் ஃப்ரீமன் டைசன், பிற்காலத்தில் புகழ்பெற்ற இயற்பியலாளர், துப்பாக்கிக் கூண்டுகளையே கழற்றிவிட்டால் விமானம் வேகமாகப் போகும், சாவும் குறையும் என்று கருதினார். யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. துப்பாக்கியின் எடை தண்டம்தான். ஆனால் கார்க்ஸ்க்ரூவுக்குக் குரல் கொடுக்கப் பின்னால் ஒரு ஆள் வேண்டுமே? டைசன் சொன்ன இன்னொன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. விழுந்த லாங்காஸ்டரிலிருந்து உயிரோடு குதித்தவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான், ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு குண்டுவீச்சு விமானத்தில் 25. லாங்காஸ்டரின் தப்பும் வழி இரண்டு அங்குலம் குறுகல்.

வால் ஆளுக்குத் தனிச் சிக்கல். பாராசூட் கூண்டுக்குள் கொள்ளாது, கதவுக்கு வெளியே விமான உடலில் மாட்டியிருக்கும். கூண்டை நேராக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், எட்டி எடுத்து மார்பில் கொக்கி போட வேண்டும், கூண்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும், முதுகுப்புறமாக விழ வேண்டும். எரிகிற, சுழல்கிற விமானத்தில்.

சிட்னியில் 1922-ல் பிறந்த டோனி பர்ச்சரை எடுத்துக்கொள்வோம். 106-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படை அணியில் பறந்து பதக்கம் வாங்கியவர். 1943 மே 16 இரவு ஜெர்மனியின் மோனே அணைத் தாக்குதலில் பைலட் ஹாப்குட்டின் விமானத்தில் வால் கன்னர், வயது 21. அணையை நெருங்கும்போது விமானம் அடிபட்டுத் தீப்பிடித்தது. இடப்புற வெளி எஞ்சின் போனதால் கூண்டு நகரவில்லை. கையால் சுற்றி நேராக்கி உள்ளே வந்தார். வானொலி இயக்குநர் மின்சின், கால் ஏறக்குறைய துண்டான நிலையில், தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். பர்ச்சர் அவருக்குப் பாராசூட்டை மாட்டி, இழுகயிற்றை இழுத்து, கதவு வழியே தள்ளிவிட்டார். ஹாப்குட் உயரம் கூட்டப் போராடியும் விமானம் ஏறக்குறைய 500 அடியில்தான் இருந்தது. வெளியே போய்த் திறந்தால் நேரம் போதாது. அதனால் தன் பாராசூட்டை உள்ளேயே திறந்து கைகளில் அள்ளிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார். வெடிப்பு அவரை வெளியே வீசியது. வாலில் மோதி முதுகெலும்பு முறிந்தது. பிடிபட்டு, போர் முடியும்வரை கைதி. அந்த விமானத்தில் பிழைத்தது அவரும் குண்டெறியும் ஃப்ரேசரும் மட்டும். மின்சின் பிழைக்கவில்லை. அன்றிரவு அணை உடைந்து, வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதில் பெரும்பகுதி ஜெர்மனி பிடித்து வந்து வேலை வாங்கிய அயல்நாட்டவர், பலர் பெண்கள். பர்ச்சரின் வீரத்தைச் சொல்கிறவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கான்பெராவின் போர் நினைவகத்தின் சேகரிப்பில் 460-ஆம் ஸ்குவாட்ரனின் "ஜி ஃபார் ஜார்ஜ்" இருக்கிறது. 90 பயணம் போய் வந்த லாங்காஸ்டர். அந்த ஸ்குவாட்ரனில் மட்டும் இறந்தவர்கள் 1,018 பேர், அதில் 589 ஆஸ்திரேலியர்கள். அது காட்சியில் இருக்கும்போது போகிறவர்கள் துப்பாக்கிகளை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வாலுக்குக் கீழே, கொஞ்சம் முன்னால் வந்து நின்று அண்ணாந்து பாருங்கள். நாலு துப்பாக்கிகளில் ஒன்றாவது உங்களை நோக்கித் திரும்ப முடியுமா என்று பாருங்கள். ஜெர்மன் இரவு விமானி வந்து நின்ற இடம் அது.