பஸ்ஸில் போகக்கூடிய மைதானம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கூட்டத்தில், லண்டனுக்கு வெளியே மைதானம் எடுக்கும் யோசனைக்கு எதிராக நான் கொஞ்சம் கடுமையாகக் கதைத்துவிட்டேன். இரவு இரண்டு பேர் ஃபோன் எடுத்தார்கள். "அண்ணை, எல்லாரும் ஓமெண்ட விஷயத்துக்கு நீங்கள் மட்டும் ஏன் குறுக்க நிண்டனீங்கள்?" என்று ஒரு தம்பி கேட்டார். ஃபோனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

கழகத்துக்கு ஒரு நிரந்தர மைதானம் வேண்டும் என்பதில் மறுபேச்சுக்கே இடமில்லை. இத்தனை வருஷமாக மணித்தியாலக் கணக்கில் வாடகை கட்டி, இந்த வாரம் ஒரு பார்க், அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் என்று தெற்கு லண்டன் முழுக்க அலைகிறோம். கோல் வலையும் மூலைக் கொடிகளும் செயலாளரின் வானுக்குள்தான் குடியிருக்கின்றன. ஒருமுறை எங்கள் பதினைந்து வயதுப் பெடியள் உடுப்பு மாற்றி, பூட்ஸ் கட்டி நின்ற பிறகுதான், அதே நேரத்துக்கு இன்னொரு கழகத்துக்கும் அந்த இடம் கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் மழையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த முகங்களைப் பார்த்த எவருக்கும் சொந்த மைதானம் ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது கைக்கு எட்டியிருக்கும் இடம், லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 வீதிக்கு அப்பால் இருக்கிறது. நீண்டகாலக் குத்தகை, மலிவு, கார் விட எவ்வளவும் இடம், உடுப்பு மாற்றத் தனிக் கட்டடம். கூட்டத்தில் காட்டிய படங்களைப் பார்க்க எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நாங்கள் இருக்கும் ரூட்டிங்கிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். பஸ் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடக்கவும் முடியாது. அங்கேதான் எனக்கு விம்பிள்டன் ஞாபகம் வந்தது.

டெனிஸைச் சொல்லவில்லை, உதைபந்தாட்டத்தைச் சொல்கிறேன். 1988இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் லிவர்பூலை 1-0 என்று வென்ற அந்தச் சின்னக் கழகம். லோரி சஞ்சேஸ் தலையால் போட்ட கோல், ஜோன் ஓல்ட்ரிஜ் அடித்த பெனால்டியை டேவ் பெசன்ட் பாய்ந்து தடுத்தது எல்லாம் பலருக்குத் தெரியும். அந்தக் கழகத்தின் மைதானத்துக்கு நடந்த கதை எங்களில் பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அது ரூட்டிங் புரோட்வேயிலிருந்து அரை மணித்தியால நடையில், வாண்டில் ஆற்றங்கரையில் நடந்த கதை.

பிளவ் லேன் என்பது அந்த மைதானத்தின் பெயர். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் பலர் நெரிசலில் நசுங்கி இறந்த கொடுமைக்குப் பிறகு, மேல்மட்டக் கழகங்களின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று விதி வந்தது. நின்று பார்க்கும் படிகள் நிறைந்த பழைய பிளவ் லேனை அதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று நிர்வாகம் சொன்னது. 1991இல் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு இரவல் குடி போனார்கள். கொஞ்சக் காலத்துக்கு என்றுதான் போனார்கள். பன்னிரண்டு வருஷம் இருந்தார்கள்.

செல்ஹர்ஸ்ட் பார்க் எல்லா விதத்திலும் "பொருத்தமான" மைதானம். பெரியது, விதிகளுக்கு அமைவானது, தூரமும் பெரிதில்லை, ஆறேழு மைல்தான். அப்படியிருந்தும் 1993 ஜனவரியில் எவர்ட்டனுடன் விளையாடியபோது வந்தவர்கள் 3,039 பேர். கொரோனாக் கால ஆட்டங்களைத் தவிர, பிரீமியர் லீக்கில் அவ்வளவு குறைந்த கூட்டம் வேறெந்த ஆட்டத்துக்கும் வந்ததில்லை. முதல் தர அணி, அடுத்த ஊர் மைதானம், அதற்கே இந்த நிலை. நடந்து போய்ப் பழகிய சனத்தை இரண்டு பஸ் மாறச் சொன்னால் கிழவர்கள் முதலில் வருவதை நிறுத்துவார்கள். அப்புறம் அவர்கள் கையைப் பிடித்து வந்த பேரப்பிள்ளைகளும் நிறுத்துவார்கள்.

1998இல் பழைய பிளவ் லேன் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. போக இடமில்லாத கழகத்தை டப்ளினுக்குக் கொண்டுபோகலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. கடைசியில் மில்டன் கீன்ஸ் என்று முடிவு செய்தார்கள். ஐம்பது அறுபது மைல் வடக்கே.

2002 மே 28ஆம் திகதி, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கமான எஃப்.ஏ. அமைத்த மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் அதற்கு அனுமதி கொடுத்தது. நான் அப்போது கொலியர்ஸ் வுட் பக்கம் ஒரு பெற்றோல் செட்டில் இரவு வேலை. விடியற்காலையில் ஒரு வயதானவர் பேப்பர் வாங்க வருவார், கோடையிலும் விம்பிள்டனின் நீலமும் மஞ்சளுமாக ஒரு ஸ்கார்ஃப் கழுத்தில் கிடக்கும். அடுத்த நாள், அந்தச் செய்தி வந்த பேப்பரின் பின்பக்கத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமாகத் திருப்பி எனக்குக் காட்டினார். காசு வைக்கும் தட்டில் சில்லறையை ஒவ்வொன்றாகப் போட்டார். கை நடுங்கியது. என்ன சொல்வதென்று தெரியாமல், "எங்கட ஊர் கிரவுண்டும் பன்னிரண்டு வருஷமாக ஆமியின்ரை வேலிக்குள்ளதான் கிடக்கு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, அது எங்கே, எவ்வளவு பெரிது, கோல் கம்பம் எந்தப் பக்கம் பார்த்தபடி நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த நாட்டில் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

1990இல் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்ட சனத்துக்கு நடந்ததும், ஒரு கழகம் மைதானத்தை இழந்ததும் ஒன்றல்ல. அப்படி நான் சொல்லவே மாட்டேன். எங்கள் பக்கம் விடுபட்ட பிறகு 2018இல் போய்ப் பார்த்தேன். ஈச்சம் பற்றைக்குள் எங்கே நடுக்கோடு என்று தெரியவில்லை. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் அண்ணா கோல் இருந்த இடத்தைக் காட்டினார். இடம்பெயர்ந்து இருந்த காலத்திலும் எங்கள் ஆட்கள் கழகத்தை விடவில்லை. அடுத்த ஊர்களின் மைதானங்களில் இரவல் வாங்கி விளையாடினார்கள். ஏன் முடிந்தது? சனம் பக்கத்தில் இருந்தது. சைக்கிளில் வர முடிந்தது.

விம்பிள்டன் ரசிகர்கள் செய்ததும் அதைத்தான். தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், மே 30ஆம் திகதி, புதுக் கழகம் தொடங்கினார்கள்: ஏ.எஃப்.சி. விம்பிள்டன். அந்த ஊரில் மறுபடி ஒரு கழகம் தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று ஆணைக்குழுவின் அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். இவர்கள் அதைக் கணக்கெடுக்கவில்லை. விம்பிள்டன் கொமனில் வீரர் தெரிவு வைத்தார்கள், 230 பேர் வந்தார்கள். ஒன்பதாம் தரத்தில் விளையாடினார்கள், சராசரியாக மூவாயிரம் பேர் வந்தார்கள். எவர்ட்டனைப் பார்க்க செல்ஹர்ஸ்ட்டுக்கு வந்த அதே அளவு கூட்டம், கூலித் தொழிலாளியும் தபால்காரனும் விளையாடும் லீக்குக்கு வந்தது! கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ மைதானத்தை எடுத்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஐந்து தரம் மேலேறி, 2011இல் நான்காம் தரத்துக்கு, ஃபுட்போல் லீக்குக்குள் வந்தார்கள்.

இதிலும் எனக்குப் பிடிக்காத ஒரு பக்கம் உண்டு. கிங்ஸ்மெடோ முன்பு கிங்ஸ்டோனியன் கழகத்தின் வீடு. 1885இல் தொடங்கிய கழகம். தங்கள் பழைய உரிமையாளர்களால் மைதானத்தின் உரிமையை இழந்தார்கள். விம்பிள்டன்காரர் அதை வாங்கி, அவர்களையும் அங்கேயே விளையாட விட்டார்கள். ஆனால் பிளவ் லேனுக்குக் காசு சேர்க்க கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றபோது கிங்ஸ்டோனியன் வெளியேற வேண்டி வந்தது. 2017இலிருந்து அவர்கள் இரவல் மைதானத்தில். ஒருவர் வீடு திரும்ப இன்னொருவர் வீதிக்கு வந்தார். நாங்களும் இடம் தேடும்போது அங்கே ஏற்கெனவே யார் விளையாடுகிறார்கள் என்று பார்க்கத்தான் வேண்டும்.

சரி, அவர்களுக்கும் மலிவான இடம் வெளியே கிடைத்திருக்கும். அவர்கள் பிடித்த பிடியில் நின்றார்கள். பழைய பிளவ் லேனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த நாய் ஓட்ட மைதானம்தான் வேண்டும் என்றார்கள். 2015இல் மேர்ட்டன் கவுன்சில் அனுமதி கொடுத்தது, நகர மேயர் மட்டத்தில் இழுபட்டது, மேலும் இரண்டு வருஷம் போனது. பிறகு காசு போதவில்லை. ரசிகர்களே கடன் பத்திரம் வாங்கி ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் சேர்த்தார்கள். வெளிமுதலீட்டாளருக்குக் கழகத்தைக் கொடுத்துவிடாமல் இருக்கத்தான் அது.

2020 நவம்பர் 3ஆம் திகதி டொன்காஸ்டருடன் முதல் ஆட்டம். 2-2. கொரோனாக் காலம், பார்வையாளர் ஒருவரும் இல்லை. வேலை முடிந்து வரும்போது காரை ஓரமாக விட்டு, ஹேடன்ஸ் ரோட் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மழை வானத்தில் விளக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இருபத்தொன்பது வருஷம். அந்த ஸ்கார்ஃப் கிழவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. பெயரைக்கூட நான் கேட்டதில்லை.

இப்போது அங்கே ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் பார்க்கலாம். 2024 செப்டெம்பரில் வாண்டில் பெருகி மைதானம் மூழ்கி, புல்தரையில் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிட்டது. நியூகாசிலுடன் அங்கே நடக்கவிருந்த கிண்ணப் போட்டியை நியூகாசிலிலேயே வைக்க வேண்டி வந்தது. ஆற்றங்கரை என்றால் அந்தத் தொல்லை இருக்கும். எம்25க்கு அப்பால் மேட்டு நிலத்தில் கட்டியிருந்தால் வெள்ளம் வந்திராது. ஆட்களும் வந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் கழகத்தில் கார் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று கூட்டத்தில் ஒருவரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். பதினைந்து வயதுப் பிரிவில் பதினெட்டுப் பேரில் ஏழு பேர். அவர்களின் அப்பாமார் சனி ஞாயிறும் கடையில் நிற்பவர்கள். புது இடம் போனால் முதல் மாதம் யாராவது ஏற்றிக்கொண்டு போவோம். மூன்றாம் மாதம் அந்த ஏழு பேரும் வீட்டில் இருப்பார்கள். அதில் ஒருவன்தான் எங்கள் கோல்கீப்பர்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. மிட்சம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புற மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். பராமரிப்பு இல்லை, வார இறுதியில் வேறு ஒருவரும் பாவிப்பதுமில்லை. இடது மூலையில் குதிகாலை ஊன்றினால் தண்ணீர் ஊறி வருகிறது. வடிகால் போட வேண்டும். ஒரு கோல் கம்பம் சரிந்திருக்கிறது. உடுப்பு மாற்ற ஒரு பழைய அறைதான், தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறது. மாலை நேரமும் வார இறுதியும் பத்து வருஷத்துக்கு எங்களுக்குத் தந்தால், வடிகாலுக்கு நாங்கள் செலவு செய்கிறோம் என்று கேட்டுப் பார்க்கலாம். எம்25 குத்தகைக்குச் சேர்க்க நினைத்த காசில் பாதிகூடப் போகாது என்பது என் கணக்கு. கணக்கைச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பேன். நிர்வாகத்தில் இருக்கும் எல்லோரும் வாருங்கள். கோல்கீப்பர் தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன். ரூட்டிங்கிலிருந்து ஒரே பஸ். தயவுசெய்து காரை வீட்டில் விட்டுவிட்டு அதிலேயே வாருங்கள்.