மறைக்கத் தெரிந்த போஸ்டர்

ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் ட்ரெய்லர் வெளியான அரை மணி நேரத்துக்குள் 'கிராபிக்ஸ் மோசம்', 'உடை பொம்மைக் கடையில் வாங்கியதுபோல் இருக்கிறது' என்று தீர்ப்புகள் வந்து குவிந்துவிடுகின்றன. கிராபிக்ஸைப் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் வீண் வேலை. ட்ரெய்லர் வெட்டப்படும் நாளில் அந்தக் காட்சிகள் பல நேரம் முடிவடைந்திருப்பதில்லை, வெளியீடு நெருங்கும் வரையிலும் அவற்றைச் செப்பனிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. தங்களிடம் உள்ள மிக வலுவான சரக்கைக் காட்டாமல் வைத்துக்கொள்ளும் துணிவு படக்குழுவுக்கு இருந்ததா என்பதை வைத்தே நான் போஸ்டரையும் ட்ரெய்லரையும் எடைபோடுகிறேன்.

போஸ்டரில் இந்தத் துணிவுக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் 1989ஆம் ஆண்டு வந்த பேட்மேன். நகைச்சுவை நடிகராக அறியப்பட்டிருந்த மைக்கேல் கீட்டனை நாயகனாக்கியதற்கு ரசிகர்கள் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். ஜாக் நிக்கல்சன் போன்ற பெரிய நட்சத்திரம் வில்லனாகக் கையில் இருந்தார். அப்படியிருந்தும் முதல் போஸ்டரில் கீட்டனும் இல்லை, நிக்கல்சனும் இல்லை, படத்தின் பெயர்கூட இல்லை. கறுப்பும் பொன்னிறமுமான வௌவால் சின்னமும் வெளியீட்டு நாளும் மட்டுமே இருந்தன.

மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் வருபவர்களுக்கு அந்தப் போஸ்டரின் அருமை புரியும். தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே மதிலில் அடுத்தடுத்து ஒட்டப்படும் சாலை இது. எந்தப் போஸ்டருக்கும் பயணியின் கண்ணில் கிடைப்பது இரண்டு நொடிதான். போதாக்குறைக்கு, தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், ஒட்டிய சில நாட்களிலேயே சிறிய எழுத்துகளும் ஓரத்து முகங்களும் உரிந்துபோய், நடுவில் இருக்கும் பெரிய உருவம் மட்டும் மிஞ்சும். அப்படி மிஞ்சும் உருவத்திலும் படம் தெரிகிறதென்றால் அது நல்ல போஸ்டர்.

2017இல் வந்த ஸ்பைடர்மேன் ஹோம்கமிங் படத்தின் போஸ்டர் இதற்கு நேர் எதிரானது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவைப்போல அத்தனை பேரையும் நெருக்கி நிறுத்தியிருந்ததில், அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் கவசத்தோடு ஒருமுறையும் கவசமில்லாமல் ஒருமுறையும் இடம்பிடித்திருந்தார். உலகமே கேலி செய்தது. ஆனால் படம் நன்றாகவே இருந்தது என்பதால், என் அளவுகோல் தவறிவிட்டதாக ஒரு நண்பர் வாதிட்டார். இத்தகைய நெரிசல் போஸ்டர்களில் யார் முகம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும், யார் பெயர் எங்கே வர வேண்டும் என்பதில் நடிகர்களின் ஒப்பந்தங்களுக்கும் பங்கு உண்டு. 2019இல் அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் போஸ்டரில் நடிகை டனாய் குரிராவின் முகம் இருந்தும் மேலே பெயர் விடுபட்டுப்போக, எதிர்ப்புக் கிளம்பியதும் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே ஒப்பந்தக் கணக்குகள் நுழைவதற்கு முன் வரும் முதல் போஸ்டரை மட்டுமே நான் கணக்கில் எடுப்பேன்.

ட்ரெய்லரில் விஷயம் இன்னும் சிக்கலானது. பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும், 2016இல் வெளியான படத்தின் ட்ரெய்லர், கடைசியில் இருவரும் சேர்ந்து எந்த அரக்கனோடு போரிடுவார்கள் என்பதைக்கூடக் காட்டிவிட்டது. இருவரின் பகையை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டியவனிடம் அந்தப் பகை நிலைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது எந்த வியாபாரத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதே ஆண்டு வந்த சூசைட் ஸ்க்வாட் கதை இன்னும் விசித்திரம். குயீன் இசைக்குழுவின் பாடலோடு வந்த ட்ரெய்லர் கொண்டாடப்பட்டதைப் பார்த்த ஸ்டுடியோ, ட்ரெய்லர் தயாரித்த நிறுவனத்தையே படத்தின் எடிட்டிங்கிலும் ஈடுபடுத்தியதாகச் செய்திகள் வந்தன. படம் முழுக்க ஒரு நீண்ட ட்ரெய்லரைப்போல் ஓடியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

மறுபக்கம், மறைப்பதற்காகப் பொய்யே சொன்னவர்களும் உண்டு. 2018இல் வெளியான அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வார் படத்தின் ட்ரெய்லரில் எல்லோரோடும் சேர்ந்து ஓடிவரும் ஹல்க், படத்தில் அந்த இடத்தில் இல்லவே இல்லை. 2021இல் ஸ்பைடர்மேன் நோ வே ஹோம் ட்ரெய்லரில், படத்தில் வரும் பழைய ஸ்பைடர்மேன்கள் இருவரையும் அழித்துவிட்டார்கள். பிரேசில் நாட்டுப் பதிப்பில் பல்லி மனிதன் ஆளே இல்லாத இடத்திலிருந்து உதை வாங்குவதை ரசிகர்கள் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். இதை ஏமாற்று வேலை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அரங்கில் வாய்பிளக்கும் ஒரு நிமிடத்தை எனக்காகக் காப்பாற்றி வைத்தவர்களிடம் எனக்கு மரியாதைதான் கூடுகிறது.

தமிழில் நம் நிலைமை வேறு. சூப்பர் ஹீரோவுக்கு முகமூடி உயிர். தமிழ்ச் சந்தைக்கோ நாயகனின் முகமே முதலீடு. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் போஸ்டர் எப்போதும் முகத்தின் பக்கமே சாய்கிறது. முகமூடி பாதி, மீசை பாதி என்று ஒட்டிய போஸ்டரில் எந்த மர்மம் மிஞ்சும்?

(2025இல் வந்த மலையாள சூப்பர் ஹீரோ படமான லோகாவை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கல்யாணி பிரியதர்ஷன் நடித்த அந்தப் படத்தின் ட்ரெய்லரைப் பார்த்தபோது, பெங்களூரில் நடக்கும் ஏதோ மாயக் கதை என்றுதான் நினைத்தேன். நாயகி எங்கள் பக்கத்துப் பழங்கதைகளில் வரும் யட்சியான கள்ளியங்காட்டு நீலி என்று அரங்கில் உணர்ந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாகர்கோவிலுக்குப் பக்கத்திலிருக்கும் கள்ளியங்காட்டைத் தாண்டித்தான் நாங்கள் தக்கலைக்குப் போய்வருகிறோம். எங்கள் வில்லுப்பாட்டு நீலிக்கும் படத்தின் நீலிக்கும் தூரம் அதிகம், அது தனிச் சண்டை. ஆனால் இந்தப் பெயரை ட்ரெய்லரிலேயே எனக்குப் புரியும்படி உரக்கச் சொல்லியிருந்தால், குமரி மாவட்டத்தில் முதல் நாள் கூட்டம் நிச்சயம் கூடியிருக்கும். அந்தச் சிலிர்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது.

இப்போதெல்லாம் முதல் போஸ்டரையும் டீசரையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேறு படத்துக்குப் போன இடத்தில் இடைவேளை நேரத்தில் ட்ரெய்லரைப் போட்டால், வீட்டில் இருப்பவர்கள் முறைத்தாலும் பரவாயில்லை என்று டீ குடிக்க எழுந்து போய்விடுகிறேன்.