ரிசீவ் போனது, செட் போனது. மாஸ்டர் மேல் ஏன் பாய்கிறீர்கள்?

மூன்று நாளாக அந்த நாற்பது விநாடி வாலிபால் வீடியோதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தக் கல்லூரி, பயிற்சி தரும் எந்த மாஸ்டர் என்று உங்களுக்கே தெரியும், பெயர் வேண்டாம். நாலாவது செட், 21-22. அணியின் பெரிய அட்டாக்கரை மாஸ்டர் வெளியே கூப்பிடுகிறார். பையன் துண்டை வீசிவிட்டு பெஞ்சில் உட்காருகிறான். 21-25. மேட்ச் போனது. கீழே கமென்டில் மாஸ்டரைப் பற்றி வரிசையாக, "கெழவனை வீட்டுக்கு அனுப்புங்கப்பா." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

வீடியோவை 21-22-ல் ஆரம்பித்தவர், அதற்கு முந்தைய மூன்று சர்வீஸை ஏன் வெட்டினார்? 21-19-ல் சர்வீஸ் எதிரணிக்குப் போனது. மூன்றுமே சுழலாமல் வரும் ஃப்ளோட், மூன்றுமே 5-ம் இடத்தில், அதாவது பின்வரிசை இடது பக்கம், நின்ற அந்த அட்டாக்கரைப் பார்த்துத்தான். முதல் பந்துக்குக் கால் நகரவில்லை, கையை மட்டும் நீட்டினான், பக்கவாட்டில் பறந்தது. இரண்டாவதுக்கு முழங்கை மடங்கியது, பந்து நேராக நெட்டைத் தாண்டிப் போனது, அவர்கள் அடித்து முடித்தார்கள். மூன்றாவது தோளில் பட்டது. சுழற்சியே இல்லாமல் வரும் பந்து கடைசி நொடியில் திசை மாறும். கை வீசினால் தொலைந்தோம். முதலில் கால் போக வேண்டும், அப்புறம்தான் கை.

ரிசீவ், அதாவது சர்வீஸை எடுத்து லிஃப்டருக்குத் தரும் பாஸ், இல்லாமல் ஸ்மாஷ் இல்லை. பாஸ் மூன்று மீட்டர் கோட்டுக்கு வெளியே விழுந்தால், ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற அந்த லிஃப்டர் ஓடிப்போய் எடுக்க வேண்டும். நடுவில் தாழ்வாகத் தூக்கிய பந்தைச் சட்டென்று அடிக்கும் குயிக்குக்கு வழியில்லை, பந்து 4-ம் இடத்துக்குத்தான், நெட் ஓர இடது பக்கத்துக்குத்தான் போகும் என்று எதிரணிக்குத் தெரிந்துவிடும். இரண்டு பேர் பிளாக்குக்கு நிதானமாக நடந்து வந்து நிற்பார்கள். ஆறடி நாலங்குலம் இருந்து என்ன பயன்?

"லிபரோ எதுக்கு இருக்கான்?" என்று ஒருவர். ஐயா, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே இருக்கிற லிபரோ ஏற்கெனவே மிடில் பிளாக்கருக்குப் பதிலாக உள்ளேதான் நிற்கிறான். கோர்ட்டில் ஒரு நேரத்தில் ஒரு லிபரோதான். "டைம்-அவுட் எடுக்கலாமே?" ஒரு செட்டுக்கு இரண்டுதான், இரண்டும் தீர்ந்துவிட்டன. மாற்று ஆட்டக்காரர்தான் மிச்சம். அதிலும் கணக்கு இருந்தது. அந்த ஒரு சர்வீஸை உடைத்துப் புள்ளி எடுத்தால் ரொட்டேஷனில் 5-ம் இடம் 4-க்கு வரும், அதாவது நெட்டுக்கு. அப்போது அதே அட்டாக்கரை, தனக்குப் பதில் வந்தவனை வெளியே அனுப்பிவிட்டு, திரும்ப இறக்கலாம். ஒரு செட்டில் ஒருமுறை விதி அனுமதிக்கிறது. அவனை ஒதுக்கவில்லை, ஒரு பந்துக்கு மட்டும் காப்பாற்றப் பார்த்தார்.

உள்ளே வந்த பையன் பாஸை லிஃப்டர் தலைக்கு மேலேயே வைத்தான். லிஃப்டும் சரி. ஸ்மாஷ் பிளாக்கில் பட்டு நம் பக்கமே விழுந்தது, அப்படித் திரும்பும் பந்தை எடுக்கக் கவரில் ஆள் இல்லை. அதற்கு மாஸ்டரா பொறுப்பு? ஒரு சர்வீஸ் முன்னாடியே மாற்றியிருக்கலாம், அதை ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

"பழைய பாடம் நடத்துறார்" என்கிறார்கள். நெட்டுக்கு ஓரடி தள்ளி, நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம், ஒரு பழைய சைக்கிள் டயரைப் போடுவார். எதிர்ப்பக்கம் மேசை மேல் ஏறி நின்று ஃப்ளோட் அடிப்பார். இருபதில் பதினாலு டயருக்குள் விழாதவன் அன்றைக்கு ஸ்மாஷ் பக்கமே போக முடியாது. பையன்களுக்குக் கசக்கும்தான். ஆனால் பயிற்சி மண் கோர்ட்டில், போட்டி இண்டோரில். வெளியே காற்று பந்தைத் தள்ளுகிறது. உள்ளே காற்று இல்லாவிட்டாலும் கூரை விளக்குகளுக்கு நடுவே பந்தின் உயரம் பிடிபடாது. மண்ணில் டைவ் அடித்தால் முட்டி கிழியும், அதனால் டைவ் பழக்கமே வராது. இண்டோர் கோர்ட் வாங்கித் தராதவர்களை யாரும் திட்டவில்லை. விடியற்காலையில் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, குறி வைத்த கம்பால் நெட் நடுவில் 2.43 மீட்டர் இருக்கிறதா என்று தினமும் அளக்கிறவரைத்தான் திட்டுகிறார்கள். தொங்கிப்போன நெட்டில் அடித்துப் பழகியவன் போட்டியில் எல்லாவற்றையும் நெட்டிலேயே அடிப்பான் என்று அவருக்குத் தெரியும்.

அமெரிக்காவில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக ஆண்கள் வாலிபால் அணிக்கு அல் ஸ்கேட்ஸ் 1963-லிருந்து 2012 வரை பயிற்சியாளர். 19 தேசியக் கல்லூரிப் பட்டம். புகழ்பெற்ற அமெரிக்க வாலிபால் வீரர் கார்ச் கிராய் அவர் கையில் வளர்ந்தவர். அந்த 19-ல் கடைசிப் பட்டம் 2006-ல் வந்தது, அந்த சீசனில் மட்டும் அவர் அணி 12 மேட்ச் தோற்றிருந்தது. பன்னிரண்டு! நம் ஆட்கள் ஒரு மேட்சுக்கே ஆளை அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே வசதி வேறே என்பீர்கள். வேறேதான். இங்கே வசதியே இல்லாமல் செய்கிறவருக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை காட்டக் கூடாதா?

ஊரில் ஷூ இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த எத்தனையோ பையன்களை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்து, ஹாஸ்டலில் கூடுதலாக இரண்டு முட்டைக்கு வார்டனிடம் போய் நின்றவர் அவர். துண்டை வீசிய பையனும் அப்படி வந்தவன்தான். அவனையும் திட்டாதீர்கள், அவனுக்கு இருபது வயசு. வீடியோவைப் போட்டவர் இதைப் படித்தால், 21-19-லிருந்து முழுசாகப் போடுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.